விழுந்த பிள்ளை வீடு தங்கும்

தமாகிக்கு ஒரு வயது நிறைந்த அன்று அவள் முதுகில் மோச்சியைக் கட்டினார்கள். பசையரிசியை வேகவைத்து இடித்து, வெள்ளைவெளேரென்று வட்டமாகப் பிடித்த மோச்சி. ஆள் தலையைவிடப் பெரியது. ஆயுசு முழுக்கச் சோறு குறையாமல் இருக்க, ஒரு வயதுப் பிள்ளை அதைச் சுமந்து காட்ட வேண்டும். மற்றப் பிள்ளைகள் இரண்டடி வைப்பார்கள், பாரம் இழுக்க உட்கார்ந்துவிடுவார்கள், உதட்டைப் பிதுக்கி அழுவார்கள். சுற்றி நிற்பவர்கள் சிரித்துக் கை தட்டுவார்கள். அதோடு சடங்கு முடிந்தது.

தமாகி உட்காரவில்லை. பத்தாம் மாதத்திலேயே நடக்க ஆரம்பித்த பிள்ளை அவள். மோச்சி முதுகில் ஆட, பாயைத் தாண்டி, மரத்தளத்தைத் தாண்டி, கடல் சத்தம் வந்த வாசல் பக்கமாக விடுவிடுவென்று நடந்தாள்.

"நடக்கிறாளே! எம் பொண்ணு நடக்கிறாளே!" என்று தாய் சிகுசா பூரித்துப்போனாள். சொல்லி முடிப்பதற்குள் நாத்தனாரின் முகத்தைப் பார்த்துவிட்டாள். பிள்ளையை நோக்கி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

நாத்தனார் இட்சுகோ எழுந்தாள். சாமி அலமாரியில் வைத்திருந்த இன்னொரு மோச்சியையும் எடுத்துவந்து பிள்ளையின் முதுகில் கட்டினாள். கால்கள் நடுங்கின. ஆனாலும் தமாகி அடி வைத்தாள்.

"இப்படி நடந்துதான் உங்கப்பன் போனான்," என்றாள் இட்சுகோ. பிறகு பிள்ளையின் தோளில் இரண்டு விரலை வைத்துத் தள்ளினாள்.

வாசல் நிலைக்கட்டையில் தமாகியின் மோவாய் இடித்தது.

"விழுந்துட்டா! விழுந்துட்டா! விழுந்த பிள்ளை வீடு தங்கும், விழாத பிள்ளை ஊர் தாண்டும்!" இட்சுகோ கை தட்டினாள். வந்திருந்த சொந்தக்காரர்களும் தட்டினார்கள். என்ன இருந்தாலும் சடங்கு. சிகுசாவும் தட்டினாள். பிள்ளையின் அழுகை கேட்காமலிருக்க வேண்டுமென்றோ என்னவோ, மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினாள். மாமனார் கியூசோ மட்டும் தட்டவில்லை. அவருக்கு ஒரு காது கேட்காது. மற்றதையும் கேட்காத காதாகவே வைத்திருந்தார்.

ரத்தம் பட்ட இடத்தை மட்டும் கத்தியால் சீவி எறிந்துவிட்டு, மிச்ச மோச்சியை இட்சுகோ எல்லோருக்கும் பங்கு வைத்தாள்.

அந்த வீடு தொயாமா வளைகுடாவோரம் ஒரு சிறு துறைமுக ஊரில் இருந்தது. மீன் விழுதை அவித்துச் செய்யும் கமபோகோதான் அவர்கள் தொழில். கல்யாணமோ காதுகுளிர ஒரு நல்ல செய்தியோ, அந்த ஊரில் எந்தச் சந்தோஷத்துக்கும் செம்மீன் உருவத்தில் ஒரு கமபோகோ வேண்டும். இளஞ்சிவப்பில் செதிள் இழைத்து, கடைசியாகக் கண் வைத்துத் தருவார்கள். ஊர் முழுவதற்கும் சந்தோஷத்தை அவித்துக் கொடுத்த வீட்டில் சந்தோஷம் தங்கவில்லை. இட்சுகோவின் தம்பி கென்சாகு ஒரு வயதில் மோச்சியோடு அறையைச் சுற்றி வந்தவன், விழவே இல்லையாம். வளர்ந்ததும் மீன் விழுது நாற்றம் பிடிக்கவில்லை என்று தூரதேசக் கப்பலில் ஏறினான். வெளியூரில் சிகுசாவைக் கட்டினான். தமாகி வயிற்றில் இருக்கும்போது கடலோடு போய்விட்டான். அஸ்திகூட இல்லாத பெட்டியையும் நிறைவயிற்றையும் தூக்கிக்கொண்டு சிகுசா இந்த வாசலுக்கு வந்தாள்.

இட்சுகோ அவளுக்குச் சோறு போட்டாள். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சோற்றோடு சொல்லும் போட்டாள்.

"என் தம்பியத் தின்னவளுக்கு மீன் கசக்குதோ? சாப்பிடு, சாப்பிடு."

சிகுசா சாப்பிட்டாள். தினமும் காலையில் கணவன் படத்துக்கு முன்னால் சோறு வைத்து, சின்ன மணியைத் தட்டி, அவள் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். இந்தப் பிள்ளை காலூன்றி நிற்க வேண்டும். வேறெதையும் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

கேட்டதற்கு நேர்மாறாகத்தான் நடந்தது. தமாகி வீட்டில் பூனைபோல ஓடுவாள், மதில் மேல் ஏறுவாள். ஆனால் விசேஷம் என்று வந்துவிட்டால் விழுந்துவிடுவாள். மழலையர் பள்ளி விடைபெறு விழாவில், சான்றிதழ் வாங்க மேடையேறப் பெயர் சொல்லி அழைத்தார்கள். "வந்தேன்!" என்று கணீரென்று பதில் சொன்னவள், மேடைக்கு நாலடி முன்னால் தொபுக்கடீர் என்று குப்புற விழுந்தாள். கூடம் சிரித்தது. அன்றிலிருந்து பிள்ளைகள் வைத்த பெயர் 'தொபுக்கடீர் தமாகி'.

டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், பாதத்தைக் கூசவைத்துப் பார்த்தார். "குதிரைக்குட்டி மாதிரி இருக்காம்மா. ஒரு குறையும் இல்ல," என்றார்.

ஏப்ரலில் பெரிய பள்ளியில் சேரும் நாள். செர்ரிப் பூக்கள் பாதி உதிர்ந்திருந்தன. முதுகை முழுதாக மறைக்கிற சிவப்புத் தோல் பை. பின்னாலிருந்து பார்த்தால் பை மட்டும் நடந்துபோவதுபோல் இருந்தது. புதுப் பிள்ளைகளை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கைபிடித்துக் கூடத்துக்குள் அழைத்துவர, பெற்றோர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் தாயின் நாற்காலியில் இட்சுகோ கறுப்பு கிமோனோவோடு உட்கார்ந்திருந்தாள். சிகுசாவுக்குப் பின் வரிசை. தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள். தமாகி வந்தாள். அத்தையின் நாற்காலிக்கு நேரே வந்ததும் விழுந்தாள். கைபிடித்து வந்த பெண்ணையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள்.

சிரிப்பு கிளம்பப்போன நேரத்தில் அந்த ஆறாம் வகுப்புப் பெண் எழுந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "மன்னிச்சிடுங்க! நான்தான் கால் தடுக்கி இவளத் தள்ளிட்டேன்!" என்று குனிந்து வணங்கினாள். சிரிப்பெல்லாம் அவள் பக்கம் திரும்பியது. அவள் பெயர் ரிக்கா. தன் முழங்காலில் தோல் உரிந்திருப்பதைக்கூடப் பார்க்காமல், குனிந்து தமாகியின் பாவாடையைத் தட்டிவிட்டாள்.

பொய்தான் சொன்னாள். ஆனால் அப்படிப்பட்ட பொய்களைத் தெய்வங்கள் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்தி வைக்கும் என்று சிகுசாவுக்கு அன்று தோன்றியது.

வெளியே பள்ளி வாசலில், பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் தமாகியை நிறுத்தி இட்சுகோ போட்டோ எடுத்துக்கொண்டாள். "நீ எடு," என்று கேமராவை சிகுசாவின் கையில் கொடுத்தாள். "தல வெட்டிடாம எடு."

அக்டோபரில் விளையாட்டு விழா வந்தது. மைதானத்தைச் சுற்றிக் குடும்பங்கள் பாய் விரித்து இடம் பிடித்திருந்தன. சிகுசா விடியுமுன் எழுந்து சோற்றுருண்டை, முட்டைச் சுருள், பொரித்த கோழி எல்லாம் அடுக்கி எடுத்துவந்திருந்தாள். முதல் வகுப்பின் ஓட்டப் பந்தயம். துப்பாக்கி வெடித்ததும் தமாகி கிளம்பினாள் பாருங்கள், சிவப்புத் தொப்பி காற்றில் கழன்று பின்னால் பறந்தது. அவளுக்குப் பக்கத்தில் யாருமில்லை. சிகுசா தன்னை மறந்து பாயில் எழுந்து நின்றுவிட்டாள்.

தமாகி ஓடிக்கொண்டே தலையைத் திருப்பி அவர்கள் பாயைப் பார்த்தாள். முழங்கால் லேசாக மடங்கியது. முடிவுக்கோட்டில் கட்டிய நாடாவுக்கு இரண்டடி முன்னால் மண்ணில் சரிந்தாள். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் அவளைத் தாண்டிப் போனார்கள்.

"தலைமுறையா மீன் அவிக்கிற வீடு. பொண்ணு காலும் அவிஞ்சுபோச்சு," என்றாள் பக்கத்துப் பாயில் ஒருத்தி. அவள் தோழி வாய் நிறையச் சோற்றோடு சிரித்துப் புரையேறி இருமினாள்.

இட்சுகோவுக்குக் கோபம் வரவில்லை. முட்டைச் சுருள் ஒன்றை எடுத்துக் கடித்து, "உப்பு பத்தல," என்றாள். நிம்மதியானவளின் குரல் அது.

காயத்துக்கு மருந்து போடும் கூடாரத்தில் வகுப்பாசிரியர் செகாவா நின்றிருந்தார். இளைஞர். தயங்கித் தயங்கி, "ஒண்ணு சொல்லட்டுமாம்மா? தப்பா நினைக்கக் கூடாது," என்றார்.

"சொல்லுங்க ஸார்."

"ஒத்திகையில இவ ஒரு தடவகூட விழல. எப்பவும் இவதான் முதல். நீங்கள்லாம் வந்து உக்கார்ற அன்னிக்கு மட்டுந்தான் விழுறா."

அன்று சாயங்காலம் குளியல் தொட்டியில் தாயும் மகளும் கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்திருந்தார்கள். தமாகி காயம்பட்ட முழங்காலை மட்டும் தண்ணீருக்கு மேலே தீவு மாதிரி நிறுத்தி வைத்திருந்தாள்.

"வேணும்னுதான விழுந்த?"

பிள்ளை தண்ணீரை வாயில் எடுத்துக் கொப்புளித்தாள்.

"அம்மா திட்டமாட்டேன். சொல்லு."

"வீட்டு ஆளுங்க பாக்குறப்பதான் விழணும். யாரும் பாக்காம விழுந்தா கணக்குல சேராதாம்."

"யாரு சொன்னா?"

"அத்த. அப்பா விழலியாம். அதான் கடல் கூட்டிட்டுப் போயிடுச்சாம். ஒவ்வொரு விசேஷத்துக்கும் விழுந்தாத்தான் வீட்ல இருக்க முடியுமாம்."

"வலிக்கலியாடி?"

"வலிக்கும்." தமாகி தாயின் முகத்தைப் பார்த்தாள். "ஆனா நானும் போயிட்டா நீ யாரோட இருப்ப?"

சிகுசா குனிந்து இரண்டு கையாலும் வெந்நீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். வெந்நீரில் நனைந்த முகத்தில் எது கண்ணீர் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அதற்காகவே குளியல் தொட்டிகளைக் கண்டுபிடித்தார்களோ என்னவோ.

மறுநாள் காலையில் இட்சுகோ பட்டறையில் குனிந்து ஒரு செம்மீன் கமபோகோவுக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தாள். சிகுசா வாசலிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, கேட்டுக்கிறேன். பிள்ளைக்குப் பயம் காட்டாதீங்க."

இட்சுகோ நிமிரவில்லை. "என் தம்பிக்கு யாரும் பயம் காட்டல. செல்லமா வளத்தோம். இப்ப படத்துக்குள்ள உக்காந்திருக்கான்."

"எல்லாரும் அவளப் பாத்துச் சிரிக்கிறாங்க."

"சிரிச்சா சாவாங்களா?" கண்ணின் கறுப்புப் பொட்டை வைத்து முடித்தாள். "கனசாவாவிலேர்ந்து உன் தம்பி போன் பண்ணினானே. ஆஸ்பத்திரிச் சமையலறையில வேலையாம், ரூமும் பாத்துட்டானாம், பிள்ளையோட வந்துடுன்னானாம். எனக்குக் காது ரெண்டும் கேக்கும். எங்கப்பா மாதிரி இல்ல."

உண்மைதான். சிகுசாவின் தம்பி ரியோஹெய் பேசியிருந்தான். குளிர்காலம் முடிவதற்குள் மகளோடு போய்விடலாம் என்று அவளும் முதல்முறையாக மனதுக்குள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள்.

"நீ போ. தடுக்கல. கதவு தள்ளினா நகரும். பிள்ளை வராது. நீ கையப் பிடிச்சு இழுத்தாலும் வராது, பாத்துக்கோ. ஏழு வயசு வரைக்கும் பிள்ளை சாமியோடது. ஏழாம் வயசுக் கோயிலுக்குப் போய்ட்டு வந்துட்டா இந்த வீட்டோடது."

நவம்பரில் அந்த நாள் வந்தது. அந்தக் கடற்கரையில் நவம்பர் இடியோடுதான் வரும். இடி இடித்தால் கொழுத்த புரி மீன் கரைக்கு நெருங்கும் என்பார்கள். காலையிலிருந்தே வானம் உறுமிக்கொண்டிருந்தது. ஏழு வயதுப் பெண்பிள்ளை அன்றுதான் பெரியவர்களைப்போல அகலப் பட்டை கட்டிய கிமோனோ உடுத்திக் கோயிலுக்குப் போவாள். இட்சுகோ தமாகியை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தானே உடுத்திவிட்டாள். வெளியே வந்த பிள்ளையின் கன்னத்தில் பவுடர், உதட்டில் சிவப்பு, கண்ணில் மட்டும் ஒரு நிறமும் இல்லை.

கோயில் மேட்டின் மேல் இருந்தது. செங்குத்தான கற்படிகள். பூசாரி வெள்ளைக் காகித நறுக்குகள் கட்டிய கோலைத் தலைக்கு மேலே வீசி, பிள்ளையின் பெயரைச் சொல்லி, இத்தனை நாள் காத்ததற்கு நன்றி சொன்னார். கையில் நீளமான பையைக் கொடுத்தார். கொக்கும் ஆமையும் வரைந்த பை, உள்ளே சிவப்பும் வெள்ளையுமாக ஆயிரம் வயது மிட்டாய். சிகுசா இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, கண்மூடி நின்றாள். காலூன்றி நிற்கட்டும். வழக்கமான அதே வேண்டுதல்.

திரும்பி இறங்கும்போது சாரல் தொடங்கியது. கற்படிகள் மினுமினுத்தன. இட்சுகோ வேகமாக இறங்கி, கீழே கோயில் வளைவுக்கடியில் தன் தகப்பனுக்குக் குடை பிடித்தபடி திரும்பி நின்று மேலே பார்த்தாள்.

தமாகி மேல்படியில் நின்றுவிட்டாள்.

"வாடா கண்ணு. அம்மா கையப் பிடிச்சுக்க."

பிள்ளை கை கொடுக்கவில்லை. கீழே அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் கிட்டித்தது.

"கல்லு மேல விழணுமாம்," என்று மூச்சுக்குள் சொன்னாள். "மண்ணுல, தரையில விழுந்ததெல்லாம் சேராதாம். இன்னிக்கு மட்டும் கல்லு மேல. அப்புறம் எப்பவும் விழவேணாமாம். நீயும் என்னை விட்டுட்டு எங்கயும் போக முடியாதாம்."

அவள் முழங்கால் லேசாக மடங்கியது. மைதானத்தில் பார்த்த அதே மடக்கு.

சிகுசா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருப்பாள். கனசாவாவுக்குப் பஸ் ஏறியிருப்பாள். கனசாவாவிலும் அந்தப் பிள்ளை ஒவ்வொரு விசேஷத்துக்கும் யாரோ ஒருத்தியின் கண்ணைத் தேடி விழுந்துகொண்டே இருந்திருக்கும். அவள் நினைவில் வந்ததெல்லாம் கூடத்தில் எழுந்து நின்று பொய் சொன்ன ரிக்காவின் குரல்தான். மகளுக்கு முன்னால் போய் நின்றாள். எதையும் பிடிக்காமல் கைகளை விட்டாள். விழுந்தாள்.

கல்லில் உடம்பு உருளும் சத்தம் பெரிதாக இருக்காது. மூட்டை விழுந்தது போலத்தான் இருக்கும். படிகளின் நடுவே இருந்த அகன்ற தளத்தில் அவள் வந்து நின்றபோது இடது மணிக்கட்டு தப்பான பக்கம் திரும்பியிருந்தது. படியேறி வந்துகொண்டிருந்த இன்னொரு குடும்பம் வாய்பிளந்து நின்றது.

"அக்கா," என்றாள் சிகுசா. குரல் கீழேவரை கேட்டது. "விழுந்த பிள்ளை வீடு தங்கும்னு சொன்னீங்கல்ல? நான் விழுந்துட்டேன். வீட்டு ஆளுங்க பாக்க, கல்லு மேல விழுந்துட்டேன். நான் தங்குறேன். எங்கயும் போகமாட்டேன். சாமி முன்னால சொல்றேன். அவள விட்டுடுங்க."

இட்சுகோவின் உதடு கோணியது. "நீ விழுந்து என்ன? நீ இந்த வீட்டுப் பிள்ளையா?"

எலும்பு முறிந்தபோது கத்தாத சிகுசா அந்தச் சொல்லுக்குக் கண்ணை மூடிக்கொண்டாள்.

குடைக்கடியிலிருந்து மாமனார் கியூசோ பேசினார். சடங்குகளில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"விழுந்தது விழுந்ததுதான் இட்சுகோ."

"உங்களுக்கு என்ன கேட்டுதுன்னு பேசறீங்க?"

"எல்லாம் கேட்டுது. எப்பவும் கேட்டுது." கிழவர் குடையை விட்டு மழையில் வந்து, ஒவ்வொரு படியாக ஏறத் தொடங்கினார். "உன்னையும் ஒரு வயசுல நான்தான் தள்ளினேன். பொண்ணு கேட்டு வந்தவங்களையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். நீ வீடு தங்கின. என்ன சுகம் கண்ட?"

இட்சுகோ குடையோடு அசையாமல் நின்றாள். மேலே தமாகி அழவில்லை. பெரியவர்களையும், தாய் கிடந்த இடத்தையும், தன் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கிமோனோவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் படியில் ஒரு காலை வைத்தாள். அடுத்ததை வைத்தாள். தாயிடம் வந்து சேரும்வரை விழவில்லை.

பையைத் திறந்து மிட்டாயைக் கல்லில் தட்டி உடைத்தாள். ஒரு துண்டைத் தாயின் வாயில் வைத்தாள். இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு, மிச்சப் படிகளையும் இறங்கிப்போய், அத்தைக்கு முன்னால் நீட்டினாள்.

இட்சுகோ குடையைச் சாய்த்துக் கை நீட்டினாள். வாங்கினாள், தின்னவில்லை. இடுப்புப் பட்டைக்குள் செருகிக்கொண்டாள். படியேறிப் போய், தன் வெள்ளைக் கைக்குட்டையை சிகுசாவின் மடியில் போட்டாள்.

"துடைச்சுக்க. நல்ல கிமோனோவுல ரத்தம் பட்டா போகாது."

சிகுசாவின் மணிக்கட்டு கூடியது, நேராகக் கூடவில்லை. ரியோஹெய்க்குப் போன் செய்து வரவில்லை என்றாள். அவன் கத்தினான். அவள் கேட்டுக்கொண்டாள். சாமி முன்னால் சொன்ன சொல் என்பதை அவனுக்கு விளக்க அவளால் முடியவில்லை. குளிர்காலம் முழுவதும் பட்டறையில் ஒற்றைக் கையால் மீன் விழுது பிசைந்தாள். "ஒண்டிக் கையில பிசைஞ்சா விழுது கட்டி தட்டுது," என்று இட்சுகோ தினமும் சொன்னாள். சொல் மாறவில்லை. சோறு மட்டும், சிகுசா கேட்காமலே, மீன் முள்ளெடுத்து வந்தது.

அடுத்த அக்டோபர். அதே மைதானம், அதே பாய். பக்கத்துப் பாய்க்காரி, "தொபுக்கடீர் ஓடப்போறா, பாருங்க பாருங்க," என்றாள். துப்பாக்கி வெடித்தது. தமாகி ஓடினாள். வழியில் ஒருமுறை பாயைத் திரும்பிப் பார்த்தாள். முழங்கால் மடங்கவில்லை. நாடா மார்பில் பட்டு அறுந்தது. அறுந்த நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் நிற்காமல் ஓடினாள், மைதானத்தின் கடைசிவரை, பள்ளி வாசல்வரை. செகாவா ஸார் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார்.

சிகுசா கை தட்டினாள். கோணிய மணிக்கட்டால் சத்தம் சரியாக வரவில்லை.

"பாரு," என்றாள் இட்சுகோ. "நிக்குறாளா பாரு. ஒரு நாள் போயிடுவா."

"போவாக்கா."

"நீ தனியா கெடப்ப."

"உங்க கூடத்தான் கெடப்பேன்."

இட்சுகோ டப்பாவிலிருந்த செம்மீன் கமபோகோவைக் குச்சியால் கீறி, கண் வைத்த தலைத் துண்டை, அந்த வீட்டில் விருந்தாளிக்கு மட்டுமே வைக்கிற துண்டை, சிகுசாவின் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு. ஆறிப்போகுது."

கமபோகோ எப்போதும் ஆறித்தான் இருக்கும். சிகுசா அதைச் சொல்லவில்லை. சாப்பிட்டாள்.